கால் நீட்ட வாங்கிய இடம்

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து என் சம்சாரம் படுத்தே கிடந்தாள். அப்போதுதான் இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் செங்கல் மாதிரி இறுகிப்போனது. தொட்டால் சுட்டது. சுளுக்கு என்று நினைத்தேன். விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு நீவிவிட உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு நர்சம்மா. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தவள், காலைப் பார்த்ததும், "கைய எடுங்கண்ணா" என்று ஒரு சத்தம் போட்டாள். எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. அன்றைக்கே சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

சேலத்து டாக்டர் ஸ்கேன் எடுத்தார். காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சு நின்றுவிடும் என்றார். நீவியிருந்தால் நகர்ந்திருக்குமா என்று கேட்டேன். நகர்ந்திருக்கலாம் என்றார்.

வெளியே வந்து கையைப் பலமுறை கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை.

மாத்திரையில் சரியானாள். மறுபடியும் சமைத்தாள், துவைத்தாள், ஆட்டுக்குத் தழை அறுத்தாள். எனக்குத்தான் சரியாகவில்லை. அவள் இருமினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் என் மூச்சு நிற்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

எங்கள் மகள் துபாயில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே ஏசி மெக்கானிக் வேலை. மகள் உண்டானாள். பிரசவத்துக்கு இங்கே அழைத்துவருவதாக இருந்தோம். பிரஷர் ஏறிவிட்டது, பயணம் கூடாது என்று அங்கே உள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்கு அம்மா இல்லை. செய்தி வந்த அன்றே இவள் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தக் கால வெச்சுக்கிட்டு எப்படிப் போவ?" என்றேன்.

"காலா பேறுகாலம் பாக்குது? கை தானுங்க பாக்கோணும்."

"வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டுமுங்க. புள்ள அங்க ஒத்தையில கெடக்கறா."

 நானும் கூடப் போவது என்று முடிவானது.

சேலத்து டாக்டரிடம் கேட்டோம். போகலாம் என்றார். காலை இறுக்கிப் பிடிக்கிற உறை மாட்ட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். கால் நீட்டி மடக்க இடம் வேண்டும். முட்டிக்குப் பின்னால் எதுவும் அழுத்தக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இடம் என்ற சொல் ஒன்றுதான் மண்டையில் நின்றது.

என் பிழைப்பு அப்படி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. கம்பெனியிலிருந்து சக்கரமும் அடிச்சட்டமுமாக வெறும் சேசிஸ்தான் வரும். கேபினை நாங்கள் கட்டுவோம். டிரைவர் உட்காருகிற இடம் என் பொறுப்பு. கால் எங்கே போகிறது, முட்டி எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு.

டிக்கெட்டை எங்கள் பையன் செல்போனில் போட்டான். சீட்டுப் படம் வந்தது. சில சீட்டுக்கு வேறு நிறம்.

"ஏனுங்கப்பா, இந்தக் கலரு சீட்டுக்குத் தனியாக் காசு கேக்கறாங்க."

"எதுக்கு?"

"கால் நீட்டறதுக்குங்க."

"ஆளுக்கு வாங்கிட்டு அப்பறம் காலுக்குத் தனியா வாங்கறானா?"

"ஆமாங்க. நின்னுட்டே வந்தா எவ்வளவுன்னு மட்டும் கேட்டுராதீங்க. அந்த டிக்கெட்டு இன்னும் வரலீங்க."

சாதாரண சீட்டில் முன்னால் எத்தனை அங்குலம், காசு கொடுத்தால் எத்தனை அங்குலம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பாதி கட்டிய கேபின் ஒன்று நின்றது. பின்னால் ஒரு பலகை போட்டேன். முன்னால் ஒரு தகடு சாத்தினேன். டேப் பிடித்து அளந்து உட்கார்ந்து பார்த்தேன். எங்களுக்கு சீட் தைக்கிற பாய் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னண்ணே, ஏரோப்ளேனுக்குப் பாடி கட்ட ஆர்டர் புடிச்சிட்டீங்களா?"

"ஊட்டம்மாவக் கூட்டிட்டுத் துபாய் போறேன் பாய். கால் மடங்கக் கூடாது."

"நல்லது, போயிட்டு வாங்க. றெக்கைக்கு மட்டும் குஷன் கேக்காதீங்க. இப்பவே சொல்லிட்டேன்."

சாதாரண அளவில் என் முட்டி தகட்டில் இடித்தது. தகட்டைத் தள்ளி வைத்தேன். கால் தாராளமாக நீண்டது. மனசுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. முதல் வரிசையில் இரண்டு சீட்டு போடச் சொன்னேன். முன்னால் ஆள் இல்லை. தடுப்புச் சுவர் மட்டும்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. யார் ஓட்டப்போகிறாரோ அவரை வரவழைத்து உட்காரவைத்துத்தான் அளவு எடுப்போம். அன்றைக்கு நான் என்னை உட்காரவைத்து அளந்தேன். அவளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. பட்டறைக்குப் பெண்கள் வருவதில்லை.

திருச்சியில் விமானம் ஏறினோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் நான் வேறு தாளை நீட்டிவிட்டேன். அவள் பதறவில்லை. மகளுக்குச் செய்த நெய்யும் பிரசவ மருந்தும் பெட்டியில் பத்திரமாகப் போகுமா என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தாள்.

உள்ளே போனதும் சொன்னபடியே முதல் வரிசை. ஜன்னல் ஓரம் ஒரு பெரியவர் வந்ததுமே தூங்கிவிட்டார். நடுவில் நான். நடைபாதை ஓரம் அவள், எழுந்து நடக்க வசதியாக. காலை நீட்டிப் பார்த்தேன். சுவரில் இடிக்கவில்லை.

"பாரு, எத்தனை இடம்" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

அவள் மடியில் ஒரு துணிப்பை. அதைக் காலடியில் வைத்தாள். தமிழ் பேசுகிற பணிப்பெண் ஒருத்தி வந்து எடுத்துவிட்டாள்.

"இங்க கீழ வைக்கக் கூடாதும்மா. முன்னாடி சீட்டு இருந்தா அதுக்கு அடியில தள்ளிடலாம். இங்க இல்லையே. மேல வைக்கிறேன்."

பை மேலே போனது. கதவைச் சாத்தினார்கள். பெல்ட் போட்டுக்கொண்டோம். விமானம் கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. மழை, அதனால் தாமதம் என்று அறிவித்தார்கள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். ஜன்னலில் தண்ணீர் வழிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் குனிந்து என் செருப்பைச் சரிசெய்தபோதுதான் பார்த்தேன். அவள் கால்கள் தரையில் இல்லை. ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் குள்ளம். எனக்குத் தோளுக்குக் கீழேதான் வருவாள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் தரையில்தான் உட்காருவாள். விருந்தாளி வந்தால் நிற்பாள்.

சீட்டின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு காலின் பாரமும் அந்த விளிம்பில்.

குள்ளமான டிரைவர்கள் எங்களிடம் வருவார்கள். காலடியில் பலகை வைக்காமல் விட்டால், "தொடை மரத்துப் போகுதுங்க" என்று அடுத்த நடையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். ரத்தம் ஓடாமல் மரத்துப்போகிறது. முட்டிக்குப் பின்னால் அழுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 

"கால் எட்டலியா?"

"எட்டலீங்க."

"ஏன் சொல்லல?"

"எதுல போனாலும் எட்டாதுங்க. பஸ்ஸுலயும் தொங்கிக்கிட்டுத்தான் போவேன். இதுல போயி என்ன சொல்றது?"

"மரத்துப் போச்சா?"

காலை லேசாக ஆட்டிப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம்" என்றாள்.

"எந்தக் காலு?"

"அந்தக் காலுதானுங்க."

முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். கால் விரல் தரையைத் தொட்டது. பெல்ட் ஆபரேஷன் தழும்பின் மேல் ஏறி இறுக்கியது. பணிப்பெண் ஓடிவந்து, நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள், வண்டி எந்த நேரமும் கிளம்பும் என்றாள். காலுக்கு அடியில் வைக்கப் பையைக் கேட்டேன். மேலே பறந்த பிறகு தருகிறேன் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பணிப்பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. துபாய் போய் வந்த டிரைவர் ஒருவன் பட்டறையில் சொல்லியிருந்தான், நோவு கீவு என்று வாயைத் திறந்தால் இறக்கிவிட்டுவிடுவான் என்று. இறக்கிவிட்டால் மகள் என்ன ஆவாள்? சொல்லாமல் இருந்தால் இவள் என்ன ஆவாள்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். மழை நிற்கவில்லை.

நான் என் செருப்பைக் கழற்றினேன். என் பாதத்தைக் குறுக்கே நீட்டி, முட்டியைத் தூக்கி, அவள் காலுக்கு அடியில் கொடுத்தேன்.

சூடு பட்டவள் மாதிரி காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"சிவசிவா! என்ன பண்றீங்க?"

"மேல வை."

"உங்க மேல காலு வெக்கறதா? கட்டுன புருசன் மேலயா?"

"வை புள்ள."

"வெக்க மாட்டேனுங்க. நாலு பேரு பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும்."

"பாக்காட்டியும் வெக்க மாட்டேன். அந்தப் பாவத்த எங்க போயி நான் கழுவுவேன்?"

அவளுக்குப் பிடிவாதம் உண்டு. சத்தம் போடமாட்டாள். உதட்டை மடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அன்றைக்கும் மடித்துக்கொண்டாள். என் கால் அந்தரத்தில் நின்றது. தொடை வலித்தது. அவள் வைக்கவில்லை. காலை எடுத்துக்கொண்டேன்.

அப்போது அவள் இருமினாள்.

ஏசிக் குளிரில் யாருக்கும் வருகிற இருமல்தான். இன்னொரு முறை இருமினாள். நெஞ்சைத் தடவினாள். நான் அவள் மூக்கையே பார்த்தேன். மூச்சு போகிறதா, வருகிறதா. உதடு நீலமாகிறதா. அங்கே வெளிச்சம் நீல வெளிச்சம். எல்லார் உதடும் நீலமாகத்தான் தெரிந்தது.

தலைக்கு மேலே இருந்த பொத்தானை அமுக்கினேன். பணிப்பெண் வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். காலில் ரத்தம் உறைந்தது. இப்போது மாத்திரையில் இருக்கிறாள். கால் தொங்குகிறது. தொங்கினால் மறுபடி உறையும்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. வேகமாக முன்னால் போனாள். அவளுக்கு மேலே உள்ள ஒரு அம்மாள் வந்தாள். மூச்சு அடைக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று இவளிடம் கேட்டாள். இவள் இல்லை என்றாள். காலுறையைக் காட்டச் சொன்னாள். டாக்டர் போகலாம் என்றாரா என்று என்னைக் கேட்டாள். சொன்னார் என்றேன். இருங்கள் என்று சொல்லிவிட்டு, சுவர் ஓரமாக நின்று போனில் யாரிடமோ பேசினாள். இங்கிலீஷ். அவள் எங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"எறக்கி உட்ருவாங்களா?" என்று என் சம்சாரம் கேட்டாள். முதல் தடவையாக அவள் குரலில் பயம் இருந்தது. காலுக்காக இல்லை.

"தெரியல."

"ஏனுங்க சொன்னீங்க?"

நான் போனில் பேசுகிற அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் நல்லாத்தான இருந்தேன். புள்ள முகத்தப் பாக்க உடாமப் பண்ணிட்டீங்களே."

 பக்கத்துப் பெரியவர் குறட்டை விட்டார்.

அந்த அம்மாள் திரும்பி வந்தாள். குனிந்து இவளிடம் பேசினாள்.

"இந்த சீட்டே உங்களுக்கு வேணாம்மா. இது கால் நீளமானவங்களுக்கு. பின்னாடி போனீங்கன்னா முன் சீட்டுக்கு அடியில பைய வெச்சு, அது மேல கால் வெச்சுக்கலாம். நீங்க சரின்னா யாரையாச்சும் மாத்திக் கேக்கறேன்."

எனக்கு உடனே புரியவில்லை. இறக்கிவிடவில்லை என்பது மட்டும் புரிந்தது. தலையாட்டினேன்.

சில வரிசை தள்ளி ஒரு பையன் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தான். பனைமரம் மாதிரி உயரம். முட்டி இரண்டும் முன் சீட்டில் முட்டி, உடம்பைக் கோணலாக வைத்திருந்தான். அவனைக் கேட்டதும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அம்மாள். குழந்தை தூங்கியதால் அவள் இடம் மாற முடியாது. ஆகவே மேலேயிருந்து இறக்கிய பையோடு இவள் மட்டும் அங்கே போனாள். எழுந்தபோது கால் தடுமாறியது. பணிப்பெண் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் எழப்போனேன். உட்காருங்க சார் என்றார்கள்.

பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான். நீட்டி முடிக்கவே நேரமானது.

"அண்ணே, பொறந்ததிலேர்ந்து இன்னிக்குத்தாண்ணே கால நீட்டி உட்கார்றேன்."

"எந்த ஊருப்பா?"

"வாழப்பாடி. எங்கம்மா சொல்லும், உன்னைப் பெத்ததுக்குப் பதிலா ஒரு தென்னங்கன்னு வெச்சிருந்தா இன்னேரம் எளநி குடிச்சிருப்பேன்னு."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் தலை தெரியவில்லை. அந்த உயரத்துக்கு எங்கே தெரியும். முன் சீட்டு மறைத்துவிட்டது.

"அண்ணி நல்லாத்தான் இருக்காங்கண்ணே. நானு பாத்தேன், பை மேல காலு வெச்சிருக்காங்க" என்றான் பையன்.

விமானம் கிளம்பியது. காது அடைத்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். விழுந்துவிடும் என்று பயப்படவில்லை. அந்தப் பயம் வர இடமே இல்லை.

பெல்ட் விளக்கு அணைந்ததும் பையன் காலைத் தாண்டிக்கொண்டு போனேன். பையின் மேல் இரண்டு பாதமும் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் குழந்தை அவள் விரலைப் பிடித்திருந்தது.

"மரப்பு உட்டுச்சா?"

"உட்டுருச்சுங்க."

"எந்திரி. நடக்கோணும்."

நடந்தோம். பின்னால் கக்கூஸ் வரைக்கும், மறுபடி சீட்டு வரைக்கும். நான் பின்னால், அவள் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டே. அவள் முன்னால், சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் குடிக்கவைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனேன். அவள் கண் மூடியிருந்தாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து முறைத்தாள்.

"உசுரோடதான் இருக்கறேன். போயி உக்காருங்க."

குழந்தைக்காரம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

விமானம் தரை இறங்கும்போது எல்லாரையும் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த நேரம்தான் கஷ்டமாக இருந்தது. போய்ப் பார்க்க முடியாது. திரும்பினால் தெரியாது. பையன் வாயைத் திறந்து தூங்கினான். கால் சுவர்வரை நீண்டிருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டு விமானம் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கூட்டத்துக்கு எதிராகப் போக முடியவில்லை. முன்னால் இருந்த எங்களை முதலில் வெளியே தள்ளிவிட்டார்கள். கதவைத் தாண்டி அந்தக் குழாய் மாதிரி பாதையில் சுவரோடு ஒட்டி நின்றேன். ஆட்கள் வந்தார்கள், வந்தார்கள். அவள் வரவில்லை. குழந்தைக்காரம்மா வந்தாள். அவள் பக்கத்தில் இவள் இல்லை.  கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.  அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கடைசி ஆட்களோடு வந்தாள். பையை இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு, மெதுவாக.

"ஏன் இத்தனை நேரம்?"

"எல்லாரும் இடிக்கறாங்க. எறங்கட்டும்னு உக்காந்திருந்தேனுங்க."

அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். சேலையைக் கொஞ்சம் விலக்கி, உறையின் மேலேயே இடது கெண்டைக்காலைப் பிடித்தேன். பணிப்பெண்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. விழாமல் இருக்க என் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சூடு இல்லை. வீக்கம் இல்லை. மெத்தென்று இருந்தது.

"போதுமுங்க, எந்திரிங்க. மாப்ள வெளிய நிக்கறாரு."

நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.